உங்கள் செல்போனுக்குள் 15 கிராம் கரி!

'லித்தியம் பேட்டரி' என்று பெயர் வைத்துவிட்டதால், உள்ளே இருப்பதெல்லாம் லித்தியம்தான் என்று பலரும் நினைக்கிறோம். உண்மை வேறு. 5,000 எம்.ஏ.ஹெச் பேட்டரி கொண்ட செல்போனில் லித்தியம் சுமார் 2 கிராம்தான். ஆனால், கிராஃபைட் ஏறக்குறைய 15 கிராம் இருக்கும். ஆமாம், பென்சில் முனையில் இருக்கிறதே, அதே கறுப்புப் பொருள்தான்! கார்பன் என்கிற கரியின் ஒரு வடிவம். பெரிய மின்சார கார் என்றால், இந்தக் கரி 50 கிலோவைத் தாண்டும்.

கரிக்கு அங்கே என்ன வேலை?

லித்தியம் வந்து தங்கிப்போகும் சத்திரம் என்று சொல்லலாம். கிராஃபைட்டுக்குள் கார்பன் அணுக்கள் சீட்டுக்கட்டு போல அடுக்கடுக்காக இருக்கின்றன. சார்ஜ் போடும்போது லித்தியம் அயனிகள் அந்த அடுக்குகளுக்கு இடையே நுழைந்து உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது வெளியேறி பேட்டரியின் மறுமுனைக்குப் போகின்றன. 6 கார்பன் அணுக்களுக்கு ஒரு லித்தியம் என்பது கணக்கு.

முதலில் சுத்த லித்தியம் உலோகத்தையே வைத்துப் பார்த்தார்கள். அது எளிதில் தீப்பிடித்தது. 1985-ல் ஜப்பானின் அகிரா யோஷினோ, அதற்குப் பதிலாகப் பெட்ரோலியக் கரியைப் பயன்படுத்தினார். 1991-ல் சோனி நிறுவனம் இந்த வகை பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவந்தது. யோஷினோவுக்கு 2019-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சோனி பேட்டரி கடைக்கு வந்த பிறகுதான் கிராஃபைட் பரவலாக இடம்பிடித்தது.

அவலைக் கடுகாக்கும் வித்தை

சுரங்கத்தில் கிடைக்கும் கிராஃபைட்டை அப்படியே பேட்டரியில் வைக்க முடியாது. அது அவல் போலத் தட்டையான செதில்களாக இருக்கும். அவலைப் பரப்பி அழுத்தினால் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும் அல்லவா? செதில்களும் அப்படியே படுத்துக்கொண்டால், லித்தியம் சுற்றி வளைத்துத்தான் உள்ளே போகவேண்டும். சார்ஜ் ஏறுவது மெதுவாகும்.

எனவே, செதில்களைக் கடுகு போல உருட்டுகிறார்கள். விசையோடு காற்று சுழலும் அரவை இயந்திரத்துக்குள் அவை ஒன்றோடொன்று மோதி, ஓரங்கள் மடிந்து உருண்டையாகின்றன. ஒரு உருண்டையின் அகலம் 10 முதல் 20 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய கால் பங்கு!

இங்கேதான் பெரிய இழப்பு. 10 கிலோ செதில் போட்டால், உருண்டையாகக் கிடைப்பது 3 முதல் 5 கிலோதான். மிச்சமெல்லாம் நுண்தூள். அது பென்சில், உராய்வு குறைக்கும் மசகு, உருக்கு ஆலை என்று குறைந்த விலைக்குப் போகும்.

அடுத்தது சுத்திகரிப்பு. பேட்டரிக்கு 99.95 சதவீத சுத்தமான கார்பன் வேண்டும். மீதியிருக்கும் மணல்சத்தைக் கரைக்க, கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைப் பயன்படுத்துவது பரவலான முறை. கடைசியாக, தாரிலிருந்து எடுக்கும் 'பிட்ச்' என்ற பொருளை மெல்லிசாகப் பூசிச் சூடாக்குகிறார்கள். முதல் சார்ஜிலேயே லித்தியம் வீணாவதை இந்தப் பூச்சு குறைக்கும்.

உலையில் பிறக்கும் கிராஃபைட்

சுரங்கமே இல்லாமலும் கிராஃபைட் செய்யலாம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சும் கோக் கரியை மின் உலையில் வைத்து, சுமார் 3,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். இரும்பே 1,538 டிகிரியில் உருகிவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் 1896-ல் காப்புரிமை பெற்ற முறை இது. இன்றும் பல ஆலைகளில் இதே அடிப்படைதான். உலை சூடேறி ஆறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். மின்சாரம் ஏராளமாகச் செலவாகும். அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால், புகை இல்லாத வண்டிக்காக வேறொரு ஊரில் புகை!

யாருடைய ஊரில் தூசி?

பேட்டரிக்கான கிராஃபைட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் சீனாவில்தான் தயாராகிறது. அங்கே கிராஃபைட் ஆலைகளுக்கு அருகே வாழும் கிராமத்து மக்களை 2016-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் சந்தித்தது. பயிர்மீதும் வீட்டுக்குள்ளும் மினுமினுக்கும் கருந்தூசி படிகிறது, தண்ணீர் கெட்டுவிட்டது என்று அவர்கள் சொன்னார்கள். நம் கையில் இருக்கும் மலிவான பேட்டரியின் விலையில் அந்தக் கணக்கு சேர்க்கப்படவில்லை.

2023 டிசம்பர் 1 முதல், இந்த வகை கிராஃபைட்டை ஏற்றுமதி செய்ய அரசு அனுமதி வேண்டும் என்று சீனா விதித்தது. மற்ற நாடுகள் விழித்துக்கொண்டன. இந்தியாவும் சொந்தமாகத் தயாரிக்க விரும்புகிறது.

இங்கே நம் சிவகங்கையைச் சொல்லியாக வேண்டும். அந்த மண்ணில் கிராஃபைட் செதில்கள் உண்டு. தமிழக அரசின் 'டாமின்' நிறுவனம் அங்கே சுரங்கமும் செதிலைப் பிரித்தெடுக்கும் ஆலையும் வைத்திருக்கிறது. செதிலாக விற்றால் ஒரு விலை. உருண்டையாக்கி, சுத்தம் செய்து, பூச்சு பூசி விற்றால் பல மடங்கு விலை. வேலைவாய்ப்பும் அந்த இரண்டாவது பாதையில்தான் அதிகம்.

ஆனால், அப்படியோர் ஆலை எந்த ஊருக்கு வந்தாலும், மக்கள் மூன்று கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். நுண்தூளை எப்படிப் பிடிப்பீர்கள்? அமிலக் கழிவுநீரை என்ன செய்வீர்கள்? மின்சாரம் எங்கிருந்து வரும்? ஃபுளோரைடு கலந்த தண்ணீர் என்ன செய்யும் என்று தருமபுரிக்காரர்களைக் கேட்டால் தெரியும். அங்கே பாறையிலிருந்து இயற்கையாகக் கலந்ததே பலருடைய பற்களைக் கறையாக்கி, எலும்புகளையும் பாதித்திருக்கிறது.

கேட்பதோடு நாம் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். நசுங்கினால் தீப்பிடிக்கும். பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ல் வந்த மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. மேஜை டிராயரில் தூங்கும் பழைய போனை, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் இந்த வாரமே கொடுத்துவிடலாமே!