மறுபடி வரச் சொல்லாத ஊசி

கழுத்தில் நெறி கட்டினால் கைக்குத் தெரியும். தேயிலைத் தோட்ட லயத்துக் கிழவிகள் தடவிப் பார்த்தே கண்டமாலை என்று சொல்லிவிடுவார்கள். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள்ளே கட்டும் நெறி எந்தக் கைக்கும் எட்டாது. தோட்ட டிஸ்பென்சரியில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தபடியே ஒருவர் மாதக்கணக்கில் அதோடு கொழுந்து பறித்திருக்கலாம். எக்ஸ்ரேயில் நிழல் விழுந்த பிறகும் அது காசநோயா, புற்றுநோயா என்று நிழல் சொல்லாது. நெறி கட்டிய அந்த நிணக்கணுவிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

முன்பெல்லாம் அதற்குப் பெரும்பாலும் கத்திதான் வழி. சுவீடனின் கார்லென்ஸ் 1959இல் விவரித்த முறையில், முழு மயக்கம் கொடுத்து, தொண்டைக்குழியில் கீறி, குழாயை இறக்கிக் கணுவைக் கிள்ளி எடுப்பார்கள். நம்பகமான முறைதான், இன்னும் வழக்கொழியவில்லை. ஆனால் ஹட்டன், நுவரெலியாக்காரர் மலையிறங்கி, வெலிசறை போன்ற இடத்தில் கட்டில் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். கத்தி வேண்டாமென்றால் பிராங்கோஸ்கோப் வழியாக ஊசி போடலாம். குழல் சுவருக்கு அப்பால் கணு எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டுக் குருட்டாம்போக்கில் குத்துவது அது. எடுத்தது ஆய்வுகூடம் போய் அறிக்கையாகத் திரும்பும்போது, சிலருக்கு அதில் ‘மாதிரி போதாது’ என்ற ஒரு வரிதான் இருக்கும்.

அந்த ஒரு வரிக்காக மறுபடி வர மலையில் கொடுக்கும் விலை அதிகம். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. நோயாளிக்கு ஒரு பேர், துணைக்கு வருபவருக்கு ஒரு பேர், அதற்கு மேல் பஸ் காசு, சாப்பாடு. நாட்சம்பளம் 1000 ரூபாயைத் தொட்டதே 2021இல்தான்.

இன்று ஊசிக்குக் கண் வந்துவிட்டது. ஜப்பானில் யசுஃபுகு குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் பரவிய கருவியில், குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. கணுவையும் பக்கத்து இரத்தக்குழாயையும் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தலாம். பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பிவிடலாம்.

எனக்குப் பெரிதாகப் படுவது அறையின் மூலையில் இருக்கும் நுண்நோக்கி. ஊசியில் வந்ததில் ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து, உலர்த்தி, சட்டென்று சாயமேற்றி, நோயாளி மேசையில் படுத்திருக்கும்போதே பார்க்கிறார்கள். சில நிமிட வேலை. நிணச்செல்கள் தெரிந்தால் ஊசி கணுவுக்குள் போயிருக்கிறது. வெறும் இரத்தமும் குழல் சுவரின் செல்களும் மட்டுமென்றால் குறி தவறிவிட்டது, உடனே இன்னொரு குத்து. காசநோயின் சாயலில் செல்கள் முடிச்சிட்டிருந்தால் அடுத்த ஊசியில் வருவதைக் கிருமி வளர்ப்புக்கும் ஜீன் எக்ஸ்பேர்ட் சோதனைக்கும் ஒதுக்குவார்கள். புற்றுச்செல்கள் என்றால் மரபணுச் சோதனைக்குப் போதுமான அளவு அப்போதே எடுத்து வைப்பார்கள்.

கரிபடிந்த செல்களும் கண்ணில் படலாம். ஜன்னலில்லாத லயத்துக் காம்பிராவில் காலமெல்லாம் விறகடுப்பு ஊதியவர்களின் நெஞ்சுக் கணுவில் புகைக்கரி தங்கிவிடும். அதனாலேயே கணு வீங்குவதும் உண்டு. நோயாளி குடிப்பவரா, புகைப்பவரா என்று கேட்கும் வைத்தியர், எந்த அடுப்பில் சமைக்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

இந்த உடனடிச் சோதனையால் நோயைக் கண்டுபிடிக்கும் விகிதம் பெரிதாகக் கூடுவதில்லை என்று ஒப்பீட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் மூன்று தடவை ஊசி போட்டாலே பெரும்பாலும் போதுமாம். குறைவது குத்துகளின் எண்ணிக்கையும் கூடுதல் சோதனைகளும்தான். ஆய்வாளர்கள் அதைச் சின்ன லாபமாக எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் இருப்பவருக்கு வேண்டுமானால் அது சின்னது.

நோயியல் நிபுணரை ஒரு காலை முழுக்க அந்த அறையில் நிறுத்துவது, 2022க்குப் பிறகு வைத்தியர்கள் பலர் வெளிநாடு போய்விட்ட இலங்கையில் எளிதல்ல. ஆனால் செல்கள் போதுமா என்று மட்டும் பார்க்க, பயிற்சி பெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரே போதும். பல நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது. நோயின் பெயரை நிபுணர் அடுத்த வாரம் சொல்லட்டும்.