யேட்ஸா, தாகூரா? சாட்சி சொன்ன பிரதி

1912. லண்டன் சுரங்க ரயிலில் ஒரு பையை மறந்துவிட்டு இறங்கினார் ரதீந்திரநாத். அதில் இருந்தது அப்பா தாகூரின் ஆங்கில 'கீதாஞ்சலி' கையெழுத்துப் பிரதி. தொலைந்த பொருள்கள் அலுவலகத்தில் அது கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

ஓவியர் ரோத்தன்ஸ்டைன் அதைத் தட்டச்சுப் பிரதிகள் எடுத்துக் கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டோருக்கு அனுப்பினார், மூலத்தைப் பத்திரப்படுத்தினார். யேட்ஸ் சில திருத்தங்கள் செய்து, முன்னுரையும் எழுதினார்.

1913-இல் நோபல் பரிசு. கூடவே வதந்தி: எழுதியதே யேட்ஸ்தானாம்! திருத்தங்கள் சொற்பமே என்பதற்கு மூலப் பிரதிதான் சாட்சி.

இப்போது அந்தக் காவல் வேலையைத் தாகூரின் ஊரான கொல்கத்தாவில் கணினி செய்கிறது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் 2013-இல் தொடங்கிய 'பிசித்ரா' தொகுப்பில் கையெழுத்துப் பக்கங்கள் மட்டும் 47,000-க்கு மேல். அச்சுப் பதிப்புகளோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இனி ஒரே ஒரு பையை நம்பியிருக்க வேண்டியதில்லை.