பால் இல்லை, தயிர் இல்லை... ஓட்டம் மட்டும் உண்டு!

காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு மெரினாவிலோ, கோவை ரேஸ் கோர்ஸிலோ, உங்கள் ஊர் பள்ளி மைதானத்திலோ ஓட ஆரம்பித்திருக்கிறீர்களா? சபாஷ்! கூடவே, ‘ஒரு மாசம் தாவர உணவு மட்டும் சாப்பிட்டுப் பார்த்தால் என்ன?’ என்ற ஆசையும் வந்திருக்கிறதா? அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

‘‘நாங்க பரம்பரையா சைவம்தாங்க. எங்களுக்கு இதெல்லாம் சாதாரணம்’’ என்று சொல்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! தாவர உணவு என்றால் முட்டை, மீன், கறி மட்டுமல்ல. பால், தயிர், மோர், நெய் எதுவும் கிடையாது. ஃபில்டர் காபியில் பால் கிடையாது. பொங்கலில் நெய் கிடையாது. இப்போது சொல்லுங்கள், சாதாரணமா?

ஆனாலும் முடியாத காரியமல்ல. அமெரிக்காவின் ஸ்காட் ஜூரெக் முழுத் தாவர உணவுக்காரர். கலிஃபோர்னியா மலைப் பாதையில் நடக்கும் 100 மைல் ஓட்டத்தை 1999 முதல் 2005 வரை தொடர்ந்து 7 முறை ஜெயித்தவர். பால் இல்லாவிட்டால் காலில் பலம் இருக்காது என்பது வெறும் பயம்தான். எதை விட்டோம் என்பதைவிட, அதற்குப் பதிலாக எதைச் சாப்பிட்டோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

புரதத்துக்கு ஒரு கணக்கு

தினமும் ஓடுகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.2 கிராம் புரதமாவது வேண்டும். 60 கிலோ எடை என்றால் 72 கிராம். ‘அம்மாடி!’ என்று மலைக்காதீர்கள். துவரம்பருப்பு 60 கிராமில் 13, கொண்டைக்கடலை 50 கிராமில் 9, வேர்க்கடலை 50 கிராமில் 12, சோயா உருண்டை 30 கிராமில் 15. அரிசி, கோதுமை, கம்பு எல்லாம் சேர்த்து 300 கிராம் சாப்பிட்டால் இன்னும் 24. கூட்டிப் பாருங்கள், 73 வந்துவிட்டது! எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடை. ரசத்தில் தெளிவாக மிதக்கிற பருப்புத் தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தயிர் போனால் சுண்ணாம்புச் சத்துக்கு என்ன வழி? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தோல் நீக்காத எள்ளில் அதைவிட மூன்று மடங்கு. வாரம் நாலு நாள் கேழ்வரகுக் கூழோ அடையோ, தினம் ஒரு எள் உருண்டையோ பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள்.

பெண்களே, இதைக் கவனியுங்கள்

2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை என்று தெரியவந்தது. ஓடும்போது வியர்வையில் கொஞ்சம் இரும்புச்சத்து போகும். பாதம் தரையில் திரும்பத் திரும்ப மோதுவதால் ரத்தச் சிவப்பணுக்களும் கொஞ்சம் சிதையும். மாதவிலக்கில் போவது தனி. அதனால் ஆரம்பிக்கும் முன்பே ஹீமோகுளோபினும் ஃபெர்ரிட்டினும் சோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெர்ரிட்டின் என்ற சேமிப்பு கரைந்துபோயிருக்கலாம்.

கீரை, பயறுகளில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் கூடவே எலுமிச்சையோ, நெல்லிக்காயோ, கொய்யாவோ இருந்தால் நன்றாகச் சேரும். சுண்டலில் எலுமிச்சம்பழம் பிழிவது ருசிக்கு மட்டுமல்ல! சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்று. தாவர உணவு வயிற்றைச் சீக்கிரம் நிரப்பிவிடும். ஆனால் ஓட்டத்துக்கு வேண்டிய சக்தி முழுதாக உள்ளே போயிருக்காது. எடை மளமளவென்று இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். மாதவிலக்கு தள்ளிப்போனாலோ, நின்றுபோனாலோ, ‘ஓட்டத்தால் இருக்கும்’ என்று சும்மா இருக்கக் கூடாது. உடம்பு பட்டினி கிடக்கிறது என்பதற்கான எச்சரிக்கையாக அது இருக்கலாம். எலும்பையே பலவீனப்படுத்தும். உடனே டாக்டரைப் பாருங்கள்.

நாலு வாரத் திட்டம்

முதல் வாரம்: உணவை மட்டும் மாற்றுங்கள். ஓடும் தூரத்தைக் கூட்டாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், களைப்பு எதனால் வந்தது என்றே தெரியாது. நார்ச்சத்து கூடுவதால் வயிறு உப்புசமாக இருக்கும். பயறை நன்றாக ஊறவைத்து வேகவையுங்கள்.

இரண்டாம் வாரம்: ஓடுவதற்கு முக்கால் மணி முன்பு ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம் போதும். சுண்டலும் கீரையும் ஓடி முடித்த பிறகுதான். முந்தின ராத்திரி ராஜ்மா சாப்பிட்டுவிட்டு மைதானத்தில் அவஸ்தைப்படாதீர்கள்!

மூன்றாம் வாரம்: தூரத்தைக் கொஞ்சமாகக் கூட்டலாம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். முடித்ததும் நாலு இட்லி, கெட்டி சாம்பார். வெயில் நாளில் உப்புப் போட்ட நீராகாரம், சின்ன வெங்காயத்தோடு. மோரைத் தேட மாட்டீர்கள்.

நாலாம் வாரம்: எடை, தூக்கம், ஓட்டம் மூன்றையும் முதல் வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேகம் கூடியிருந்தால் அது உணவாலா, பயிற்சியாலா என்று ஒரு மாதத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்பது தெரிந்துவிடும்.

பி12 - மறக்கவே கூடாது

ஒரு மாதத்தோடு நிறுத்துகிறவர்களுக்கு இதில் பெரிய கவலை இல்லை. கல்லீரலில் சேமிப்பு இருக்கும். ‘நல்லா இருக்கே, அப்படியே தொடரலாம்’ என்று நினைக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. ‘‘இட்லி மாவு புளிக்குதே, நீராகாரம் புளிக்குதே, அதுல பி12 இருக்குமே?’’ என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அதை நம்பி வாழ முடியாது. குறைபாடு சத்தமில்லாமல் வரும்... பாதத்தில் மதமதப்பு, மறதி, தீராத சோர்வு என்று. நரம்பு ஒருமுறை கெட்டால் முழுதாகச் சரியாகும் என்ற உத்தரவாதம் இல்லை. தொடர்கிறவர்கள் டாக்டரிடம் கேட்டு பி12 மாத்திரை எடுத்துக்கொள்வதுதான் வழி.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு என்ன தடை? மளிகைக் கடைப் பட்டியலில் பால் பாக்கெட்டை அடித்துவிட்டு எள், கேழ்வரகு, கொண்டைக்கடலை என்று எழுதுங்கள். ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஷூ லேஸை இறுக்கிக் கட்டலாம்!