சேனாபதியின் இரண்டாம் வருகை

1996-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ‘இந்தியன்’ படத்தின் முடிவில், காவல்துறையின் கையில் சிக்காமல் கடல் கடந்துவிட்ட சேனாபதி என்னும் கிழவர், அங்கிருந்து தொலைபேசியில் புலனாய்வு அதிகாரி கிருஷ்ணசாமியை அழைத்து, தேவைப்படும்போது திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு மறைந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவருக்கு 28 ஆண்டுகள் பிடித்தன. 2024 ஜூலை 12 அன்று ‘இந்தியன் 2’ திரைக்கு வந்தபோது, விடிவதற்கு முன்பே எழுந்து மாலையும் மேளமுமாக அவரை வரவேற்கப் போன ரசிகர்களில் பலர், இடைவேளைக்குள்ளாகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். வேறு சிலரோ, பழைய சிநேகிதரைக் கண்ட சந்தோஷத்தில் குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள்.

இவ்விரு கட்சியாரும் மஞ்சூரிலும் இருந்தார்கள். குந்தா தாலுகாவின் தலைமையிடமாகிய இவ்வூர், காரமடையிலிருந்து கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறி வருகிறவர்கள் மூச்சு விட்டுக்கொள்ள நிற்கும் இடம். ஊட்டியிலிருந்து வருகிறவர்களுக்கு மின்நிலையங்களையும் அப்பர் பவானியையும் நோக்கிப் போகிற வழி. புதுப்படத்தை வந்த வாரமே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 30 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் ஊட்டியில்தான் பார்த்துவிட்டு வருவார்கள். ஆகையால் ஒரு படத்தைப் பற்றி இவ்வூர்க்காரர் சொல்லும் அபிப்பிராயத்தில் டிக்கெட் விலையோடு பஸ் கட்டணமும், தென்மேற்குப் பருவமழையில் நனைந்த அலுப்பும் கலந்தே இருக்கும். அது சற்றுக் கடுமையாக இருப்பதற்கும், பெரும்பாலும் நேர்மையாக இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

பஜாரில் ஒரு தேநீர்க்கடையில், கொழுந்து எடை போட்டுவிட்டு வந்திருந்த ஒரு பெரியவருக்கும், கோயம்புத்தூரில் படிக்கும் அவருடைய தங்கை மகனுக்கும் நடந்த சம்பாஷணையை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது.

“அவ்ளோ மோசமில்ல மாமா. விவேக் சார் வந்தப்போ தியேட்டரே கை தட்டுச்சு” என்றான் பையன்.

“அது போய்ச் சேர்ந்தவருக்குத் தட்டின கைடா. அந்தப் படத்துல கெழவன் மகனைக் கொல்லப் போறப்போ எனக்கு இங்க நடுங்குச்சு” என்று பெரியவர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “இதுல எத்தனை பேரைக் கொன்னாரு, சொல்லு பாப்போம்?”

பையனால் சொல்ல முடியவில்லை. விமரிசகர்கள் பத்தி பத்தியாக எழுதியதை அந்த ஒரு கேள்வி முடித்துவிட்டது.

பையன் சொன்னதையும் தள்ளிவிடுவதற்கில்லை. படப்பிடிப்பு தொடங்கியது 2019 ஜனவரியில். 2020 பிப்ரவரியில் சென்னைக்கருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூவர் மாண்டனர், பிறகு கொரோனா, அதன் பின் இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே நீதிமன்ற வழக்கு. 2022-இல் வேலை மறுபடியும் தொடங்குவதற்குள், 2021 ஏப்ரலில் விவேக்கும், அதே ஆண்டு அக்டோபரில் கிருஷ்ணசாமியாக நடித்த நெடுமுடி வேணுவும் காலமாகிவிட்டார்கள். படம் வெளிவருவதற்கு முந்திய ஆண்டு மனோபாலாவும் போய்விட்டார். ஆகவே திரையில் அந்த முகங்கள் தோன்றிய க்ஷணத்தில் எழுந்த கைத்தட்டல் படத்தின் தராதரத்தைப் பற்றியதே அல்ல. அது ஒருவகை ஸ்மரணாஞ்சலி. பழைய படத்தின் தொடர்ச்சிக்குப் போகிறவர்களில் பாதிப்பேராவது இத்தகைய காரியத்துக்காகத்தான் போகிறார்கள். அவர்களுடைய திருப்தியைப் பொய்யென்று சொல்ல எவருக்கும் பாத்தியதை இல்லை.

ஆனால் பெரியவர் தொட்ட விஷயம் ஆழமானது. முதற்படம் வந்த மே மாதத்தில்தான் தமிழ்நாட்டில் ஊழல் குற்றச்சாட்டுகளின் நடுவே தேர்தல் நடந்து ஆட்சி மாறியது; ஊரெங்கும் மூண்டிருந்த கோபத்துக்கு அந்தப் படம் ஒரு வடிகாலாயிற்று. ஷங்கரின் இயக்கம், சுஜாதாவின் வசனம், ஏ.ஆர்.ரகுமானின் இசை, கமல்ஹாசனைக் கிழவராக்கிய மைக்கேல் வெஸ்ட்மோரின் ஒப்பனை, இவற்றின் பெருமை யாவரும் அறிந்ததே. கமலுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது. எனினும் அதன் ஜீவநாடி வேறிடத்தில் இருந்தது. தீக்காயம் பட்டுத் துடிக்கும் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் சேனாபதியிடம் மருத்துவர் லஞ்சம் எதிர்பார்க்கிறார், கொடுத்தால் மகள் பிழைப்பாள் என்று தெரிந்தும் அவர் கொடுக்க மறுக்கிறார், மகள் இறந்துபோகிறாள். பின்னால் அந்த மருத்துவரைத் தொலைக்காட்சிக் காமிராவின் எதிரே நிறுத்திக் கொல்லும்போது, நாட்டின் நீதிபதியாக அல்ல, மகளைத் தன் பிடிவாதத்துக்குப் பலிகொடுத்த தகப்பனாகவே அவர் நமக்குத் தெரிகிறார். மகன் சந்துருவோ வாகனங்களின் பிரேக்கைச் சோதிக்கும் உத்தியோகத்தில் இருந்துகொண்டு, பழுதான பிரேக் உள்ள பள்ளிப் பேருந்துக்கு லஞ்சம் வாங்கிச் சான்றிதழ் கொடுக்கிறான், குழந்தைகள் மாள்கிறார்கள். தகப்பனின் கத்தி மகன்மேலேயே திரும்புகிறது.

முதற்படத்தில் வருகிற குற்றவாளிகள் யாவரும் நமக்குப் பரிச்சயமான மேஜைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள். ஒரு கையெழுத்துக்காக இரண்டு முறை, மூன்று முறை மலையேறி இறங்கியவனுக்கு, அந்த மேஜைமேல் விழுந்த அடி தன் சார்பில் விழுந்த அடியாகவே பட்டது.

இரண்டாம் பாகத்தில் நரைத்த மீசை இருக்கிறது. இடுப்புப் பட்டையில் ஒளிந்த கத்தி இருக்கிறது. விரல்நுனியில் வர்மக்கலையும் முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது. நூறு வயதைத் தாண்டிவிட்டவராகக் கணக்கிட வேண்டிய ஒருவர் ஒற்றைச் சக்கர வண்டியில் பறந்து போவதைக் கண்டு இளைஞர்கள் சிரித்தார்கள். அதைக்கூட மன்னித்துவிடலாம், நம் சினிமாவில் வயது என்றுமே ஒரு தடையாக இருந்ததில்லை. தண்டிக்கப்படுகிறவர்கள் வெளிநாட்டில் சொகுசாக வாழும் கோடீசுவரர்களும், பொன்மயமான மாளிகைகளின் அதிபதிகளுமாக மாறிப்போனதுதான் பெருங்குறை. அவர்கள் யோக்கியர்கள் அல்லர் என்பது மெய்யே. ஆனால் அவர்கள் சாகும்போது மஞ்சூர்க்காரருக்கு ஆறுதலாக எதுவும் கிட்டுவதில்லை. இதற்கிடையில் தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்துவிட்டது. 2011-இல் அண்ணா ஹசாரேயின் உண்ணாவிரதத்தை நாடே பார்த்தது. 2013-இல் லோக்பால் சட்டமும் நிறைவேறியது. கத்தியைத் தவிர வேறு வழியே இல்லை என்று 1996-இல் நம்பத் தயாராயிருந்த பார்வையாளர், இன்று அவ்வளவு எளிதில் நம்புவதற்கில்லை.

நியாயமாகச் சொன்னால், இந்தப் படத்தின் நடுவே ஓர் உயர்ந்த எண்ணம் புதைந்து கிடக்கிறது. அவரவர் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்று சேனாபதி சொல்ல, அதைக் கேட்ட இளைஞன் ஒருவன் தன் தகப்பனின் லஞ்சத்தையே அம்பலப்படுத்துகிறான். அதன் விளைவாகத் தாயை இழக்கிறான். ‘திரும்பி வா’ என்று கிழவரை அழைத்த அதே ஜனங்கள் ‘திரும்பிப் போ’ என்று கல்லெறிகிறார்கள். முதற்படத்தில் தகப்பன் மகனைத் தண்டித்தான். இங்கே மகன் தகப்பனைக் காட்டிக்கொடுக்கிறான். எவ்வளவு அழகான எதிரொலி! ஆனால் அந்தத் துக்கம் சேனாபதியின் துக்கமல்ல. வேறொருவன் வீட்டில் நடந்து, அவசரமாக முடிந்துவிடுகிற காரியம். திரைக்குள் அவருக்குக் கிடைத்த மரியாதையே திரைக்கு வெளியிலும் கிடைத்ததைப் பார்த்தால், படத்தை எழுதியவர்கள் தீர்க்கதரிசிகளோ என்றுகூடச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. வெளிவந்த சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடக் காட்சிகளை வெட்டிப் பார்த்தார்கள். நீளம் குறைந்ததே தவிர, குறை குறையவில்லை.

தொடர்ச்சிப் படம் நமக்குப் புதிதல்ல. ‘கல்யாணராமன்’ 1979-இல் வர, ‘ஜப்பானில் கல்யாணராமன்’ 1985-இல் வந்தது. 2005-இல் வெற்றிக்கொடி நாட்டிய ‘சந்திரமுகி’யின் இரண்டாம் பாகம் 2023-இல் வந்து, வந்த சுவடு தெரியாமல் போயிற்று. இதற்கு மாறாக, 1986-இல் பெரிதாகக் கொண்டாடப்படாத ‘விக்ரம்’ படத்தின் பெயரையும் கதாநாயகனையும் எடுத்துக்கொண்டு, அதே கமலை வைத்து லோகேஷ் கனகராஜ் 2022-இல் எடுத்த படம் பிரமாதமாக ஓடியது. அந்தப் பழைய படத்தின்மேல் எவருக்கும் பெரிய பாசமில்லை. ஆகையால் இயக்குநருக்குச் சுதந்திரம் இருந்தது. உள்ளத்தில் குடியேறிவிட்ட படத்தைத் தொடுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

ரசிகர்களுக்குப் பழையதன்மேல் குருட்டு மோகம் என்று சினிமாக்காரர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். 2024 ஏப்ரலில் ‘கில்லி’ மறுபடியும் திரையிடப்பட்டபோது கூடிய கூட்டத்தைக் காட்டி அதற்கு ஆதாரமும் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தொடர்ச்சி தனக்கென்று ஒரு பாதையில் போனால் அதையும் நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். கம்பர் ராம பட்டாபிஷேகத்தோடு நிறுத்திவிட்டார்; ஒட்டக்கூத்தர் பாடியதாக வழங்கும் உத்தரகாண்டத்தைத் தமிழர் எரித்துவிடவில்லை, ஆனால் கம்பனைப் போல் கொண்டாடவும் இல்லை. சிலப்பதிகாரத்தின் கதையைத் தொடர்ந்த சாத்தனாரோ, கண்ணகியை மறுபடியும் சிலம்போடு நிறுத்தாமல், மாதவியின் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு முற்றிலும் வேறான பாதையில் சென்றார், மணிமேகலை நிலைத்துவிட்டது. ஹாலிவுட்டிலும், ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்துக்குப் 16 ஆண்டுகள் கழித்து 1990-இல் எடுத்த மூன்றாம் பாகத்தை, கொப்போலா 2020-இல் மறுபடியும் தொகுத்து வெளியிட நேர்ந்தது.

‘இந்தியன் 2’ முடிந்தபின் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். சேனாபதியின் தந்தை ஆங்கிலேயரை எதிர்த்த கதையாக அது இருக்கும் என்று தெரிந்தபோது, படத்தைவிட முன்னோட்டமே மேல் என்று சொல்லிக்கொண்டே பலர் எழுந்து போனார்கள். என் அபிப்பிராயமும் அதுவே: யாருடைய ஞாபகத்திலும் இல்லாத அந்தத் தகப்பனின் கதையை மட்டும் முழுமனதோடு சொல்வார்களானால், மறுபடியும் மழையில் நனைந்து ஊட்டிக்குப் பஸ் ஏற நான் தயார். கிழவரை மட்டும் இனி அந்த ஒற்றைச் சக்கர வண்டியில் ஏற்ற வேண்டாம்.