இலவச மின்சாரமும் வற்றிய கிணறும்

கிணற்றில் ஜலம் இல்லாத குடியானவனுக்கு இலவச மின்சாரத்தால் வரும் பயன் யாது? இக்கேள்வியை நாம் விதண்டாவாதமாகக் கேட்கவில்லை. 2017-ம் வருஷத்துக் கணக்கின்படி, தமிழ்நாட்டிலுள்ள 1,166 பிர்க்காக்களில் 462 பிர்க்காக்களில், மழையினால் நிலத்தில் ஊறுவதைவிட அதிகமான ஜலம் இறைக்கப்பட்டு வந்தது. வரவை மிஞ்சிய செலவு எந்தக் குடும்பத்தையும் கடைசியில் கடனில் ஆழ்த்தும். பூமியின் கணக்கும் இதற்கு விலக்கன்று.

இந்த நிலைமை இயற்கையின் கோபத்தால் மாத்திரம் ஏற்பட்டதன்று. சர்க்காரின் கொள்கைக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் மாட்டின் சக்திக்கு ஓர் எல்லை இருந்தது. ஊற்று மீண்டும் சுரப்பதற்கு இரவும் இருந்தது. மோட்டாருக்கோ களைப்பு என்பதே இல்லை. 1990-ம் வருஷம் முதல் விவசாயப் பம்பு செட்டுகளுக்கெல்லாம் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. இன்று இருபது லட்சத்துக்கு மேற்பட்ட பம்பு செட்டுகள் இச்சலுகையை அனுபவிக்கின்றன.

இச்சலுகை சும்மா வந்ததன்று என்பதை நாம் மறக்கவில்லை. 1970-ல் மின்சாரக் கட்டண உயர்வை எதிர்த்து நடந்த கிளர்ச்சியின்போது, பெருமாநல்லூரில் மூன்று குடியானவர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். ஆகவே, சலுகையை ஒரே உத்தரவினால் ரத்து செய்துவிடலாம் என்று கூறும் பொருளாதார நிபுணர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. ஆயினும், சலுகையின் பலன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று விசாரிப்பது நமது கடமை. கொங்கு நாட்டில் ஆயிரம் அடிக்கு மேலும் ஆழ்குழாய் இறக்க வசதியுள்ளவனுக்கு மின்சாரமும் இலவசம், ஜலமும் இலவசம். பக்கத்து வயலிலுள்ள ஏழையின் திறந்த கிணறோ வறண்டு கிடக்கிறது. சர்க்கார் இருவருக்கும் சமமாகக் கொடுப்பதாக எண்ணுகிறார்கள்; உண்மையில் ஒருவனுக்குச் சேரவேண்டிய ஜலத்தை மற்றவன் எடுத்துக்கொள்ள உதவுகிறார்கள்.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டா? நிர்ணயமான வாய்க்காலில் ஓடாத நிலத்தடி ஜலத்தைத் தன் எல்லைக்குள் எடுத்து உபயோகிக்க நிலச் சொந்தக்காரனுக்கு உரிமை உண்டென்று 1882-ம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம் உதாரணம் காட்டி விளக்குகிறது. மழை மிகுந்த இங்கிலாந்தின் கோர்ட்டுகளில் பிறந்த கொள்கை இது. மானம் பார்த்த நம் பூமிக்குச் சற்றும் பொருந்தாது. தமிழ்நாட்டுச் சட்டசபை 2003-ல் நிலத்தடி நீரைப் பற்றி ஒரு சட்டம் இயற்றியது. அது அமலுக்கு வராமலே, 2013-ல் ரத்தாயிற்று. பிறந்த குழந்தைக்குப் பெயரிட்டதும், அது கண் திறக்கும் முன்பே புதைத்ததும் ஒரே சபைதான்!

ஆகையால், சர்க்காருக்கு நாம் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, சலுகையின் உருவத்தை மாற்றவேண்டும். 2018-ல் பஞ்சாப் சர்க்கார் பரீட்சார்த்தமாக ஒரு திட்டம் தொடங்கினார்கள். விவசாயிக்கு இத்தனை யூனிட் என்று நிர்ணயித்து, அதில் அவர் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவருக்கே கொடுப்பது அதன் சாராம்சம். குடியானவன் ஒரு காசும் இழப்பதில்லை. மோட்டாரை நிறுத்துவதிலும் அவனுக்கு வருமானம் உண்டு. "மீட்டர் வைத்தால் நாளைக்குக் கட்டணமும் வரும்" என்ற அச்சம் நியாயமானதே. சலுகை குறையாது என்பதைச் சட்டத்திலேயே எழுதிக்கொடுத்தாலன்றி அவ்வச்சம் நீங்காது. மேடை வாக்குறுதி போதாது.

இரண்டாவது, கொள்முதல் கொள்கை திருந்தவேண்டும். நெல்லுக்குக் கொள்முதல் நிலையமும், கரும்புக்கு நிர்ணய விலையும் இருக்கும்போது, கிணற்றுப் பாசனக்காரர் வேறு பயிரை ஏன் நாடுவார்? 2023-ல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளில், அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குடும்பத்துக்கு 2 கிலோ கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. இதை நாம் வரவேற்கிறோம். வறண்ட ஜில்லாக்கள் அனைத்திலும் கேழ்வரகும் கம்பும் பயறும் நிச்சய விலைக்கு வாங்கப்பட்டு, பள்ளிக்கூடச் சத்துணவிலும் சேரவேண்டும்.

மூன்றாவது, நிலத்தடி ஜலம் பொதுச் சொத்து என்று சட்டம் செய்து, புதிய ஆழ்குழாய்களை அனுமதிக்கும் அதிகாரத்தில் கிராமத்தாருக்குப் பங்கு கொடுக்கவேண்டும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 ஏரிகள் உண்டு. மடைநீரை முறை வைத்துப் பங்கிட்டு, குடிமராமத்துச் செய்து அவற்றைக் காத்தவர்கள் நம் கிராமத்தாரே. கண்ணுக்குத் தெரிந்த நீரைப் பங்கிட்டவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத நீரைப் பங்கிடும் யோக்கியதை இல்லையென்று யார் சொல்ல முடியும்?

இவற்றால் உடனே ஓட்டுக் கிடைக்காது என்று மந்திரிகள் தயங்கக்கூடும். எலெக்ஷன் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும். பாறைக்கடியில் வற்றிப்போன ஊற்றோ ஒரு தலைமுறையிலும் திரும்பி வராமல் போகலாம். தந்தை வெட்டிய கிணறு மகனுக்கு வெறும் பள்ளமாக மிஞ்சும்படி செய்வது எந்தச் சர்க்காருக்கும் பெருமையாகாது.