முதல் நிலை மந்திரவாதிக்கு ஐம்பூத மந்திரங்கள்

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டில் மந்திரம் என்பது எழுதி வைத்த ஒரு விதி. யார் மீது, எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம், என்ன நடக்கும் என்பதை அது நாலைந்து வரிகளில் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்தை நடத்துபவர் களத்தை விவரிக்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று வாயால் சொல்கிறார்கள். பலிக்குமா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை உருளுகிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூலம். தீக்கோளமும் மின்னலும் ஏவும் மந்திரவாதி அதன் முதல் பதிப்பிலேயே உண்டு.

புதியவர் கையில் வரும் முதல் நிலை மந்திரவாதி மிகவும் எளிய ஆள். 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின்படி, நினைத்த போதெல்லாம் ஏவக்கூடிய சிறு மந்திரங்கள் அவருக்கு மூன்று. விதிநூல் இவற்றை கேன்ட்ரிப் என்கிறது. ஏட்டில் ஆறு முழு மந்திரங்கள் இருக்கும். ஆனால் அவற்றை ஏவ நாளுக்கு இரண்டே 'ஸ்லாட்', அதாவது வாய்ப்பு. சற்று ஓய்வெடுத்தால் ஒன்றை மீட்கலாம். தாங்கக்கூடிய சேதத்தைக் காட்டும் உயிர்ப்புள்ளிகள் ஏழோ எட்டோதான். எதிரே வரும் கோப்ளின் என்ற சாதாரணக் குட்டி அரக்கனுக்கே 7 உண்டு. இத்தனை குறுகிய இடத்தில் ஒவ்வொரு மந்திரமும் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்ள வேண்டும்.

ஏவிய மந்திரம் கைவிட்டுப் போவது என்ற ஏற்பாடு, ஜாக் வான்ஸ் 1950இல் எழுதிய 'தி டையிங் எர்த்' என்ற நூலிலிருந்து ஆட்டத்துக்கு வந்தது. அதில் வரும் மந்திரவாதிகள் மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொள்வார்கள். சொன்னதும் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். மகாபாரதம் அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. பரசுராமர் சாபத்தால் கர்ணனுக்கு அத்திர மந்திரம் உற்ற நேரத்தில் மறந்துபோகிறது. ஆக்கினேயாத்திரம், வருணாத்திரம், வாயவியாத்திரம் என்று பூதங்களை அம்பில் ஏற்றி விடுவதும், ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாக ஏவுவதும் நம் காப்பியப் போர்களில் நிறைந்திருக்கின்றன. பூத மந்திரம் அமைக்க விரும்பும் தமிழ் ஆட்டக்காரர் வெளியே தேடிப் போக வேண்டியதில்லை.

பூத மந்திரம் எழுதுவோர் அடிக்கடி செய்யும் தவறு, பூதத்தை வெறும் நிறமாக ஆக்கிவிடுவது. ஒரு பகடைச் சேதம் தரும் சிவப்பு ஒளி என்றால் நெருப்பு, அதே சேதத்தை நீல ஒளி தந்தால் நீர் என்று எழுதினால் இரண்டும் ஒரே மந்திரம்தான். 2014ஆம் ஆண்டு விதிநூலின் நல்ல மந்திரங்கள் அப்படி இல்லை. 'ஃபயர் போல்ட்' 120 அடி பாய்ந்து பத்து முகப் பகடை ஒன்றின் சேதம் தருவதோடு, எரியக்கூடிய பொருளைப் பற்றவைக்கிறது. 'ரே ஆஃப் ஃபிராஸ்ட்' சேதத்தில் சற்றுக் குறைவு. ஆனால் பட்டவரின் நடைவேகத்தில் 10 அடியைக் குறைக்கிறது. 'ஷாக்கிங் கிராஸ்ப்' உலோகக் கவசம் அணிந்தவர் மேல் எளிதில் பலிக்கிறது. தீ பற்றுகிறது, பனி விறைக்க வைக்கிறது, மின்னல் உலோகத்தை நாடுகிறது. பூதத்தின் குணம் முதலில் வருகிறது, எண் அதன் பின்னால் வருகிறது.

மேலைநாட்டு ஆட்டம் கிரேக்கரின் நான்கு பூதங்களை அடியொற்றியது. தமிழில் ஐந்து. தொல்காப்பிய மரபியல் உலகத்தை நிலம், தீ, நீர், வளி, விசும்பு ஐந்தும் கலந்த மயக்கம் என்கிறது. முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய புறநானூற்று இரண்டாம் பாட்டும் ஐந்தையும் அடுக்குகிறது. இந்த ஐந்துக்கும் இந்தியத் தத்துவ மரபு புலன்களைப் பகிர்ந்து தந்திருக்கும் விதம் மந்திரம் அமைப்பவருக்குக் கிடைத்த அரிய வரம். விசும்புக்கு ஓசை மட்டும். காற்றுக்கு ஓசையும் ஊறும், அதாவது தொடுவுணர்வும். தீயில் இவற்றோடு ஒளியாகிய உருவம் சேர்கிறது. நீரில் சுவை சேர்கிறது. மண்ணில் நாற்றமும் சேர்ந்து ஐந்தும் நிறைகின்றன.

இதை அப்படியே விதியாக்கலாம். விசும்பு மந்திரம் செவிக்கு மட்டுமே எட்டும்: தொலைவில் உள்ளவர் காதில் கிசுகிசுப்பது, எதிரியின் பின்னால் காலடி ஓசையை எழுப்புவது. காற்று மந்திரம் தள்ளும், ஆனால் கண்ணுக்குப் புலப்படாது; எனவே ஏவியவர் யாரென்று எதிரிக்குத் தெரிய வேண்டியதில்லை. தீ மந்திரம் வலியது, ஆனால் ஒளிரும்; இருட்டில் ஏவினால் மந்திரவாதி நிற்கும் இடத்தை எல்லோருக்கும் காட்டிக்கொடுக்கும். நீரைச் சுவைக்கலாம் என்பதால் அது தாகம் தீர்க்கும், மருந்தையோ நஞ்சையோ சுமக்கும். மண் எல்லாப் புலனுக்கும் அகப்படுவது, ஆகவே மெதுவானது, நிலைத்து நிற்பது. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு வலிமையும் ஒரு விலையும் இப்படித் தாமாகவே வந்து அமைகின்றன. புதியவர் அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. களத்தில் யாருக்கு என்ன தெரியும், என்ன கேட்கும் என்று யோசித்தாலே போதும்.

இந்த விதியைப் பொருத்திப் பார்க்க ஒரு களம் வேண்டும் என்றால், காஞ்சிபுரத்துக்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டியிருக்கும் திருப்புட்குழி மிகப் பொருத்தமான ஊர். 108 திவ்விய தேசங்களில் ஒன்றான விசயராகவப் பெருமாள் கோயில் இங்குள்ளது. பதினோராம் நூற்றாண்டில் யாதவப் பிரகாசர் இங்கே பாடம் நடத்தினார், இளம் இராமானுசர் அவரிடம் பயின்றார் என்பது வைணவ மரபு. முதல் நிலை மந்திரவாதி என்பவரே பாடம் முடிக்காத ஒரு மாணவர்தான். ஆசிரியரும் ஏடும் குளக்கரையும் உள்ள ஊரில் அவர் கதை இயல்பாகத் தொடங்கும்.

இராமன் சடாயுவுக்கு இறுதிக்கடன் செய்த இடம் இதுவே என்று தலபுராணம் கூறுகிறது. கடன் செய்ய நீரில்லாமல் அம்பெய்து வரவழைத்த நீரே சடாயு தீர்த்தம் என்பதும் அதன் பகுதி. இதிலிருந்து ஒரு நீர் மந்திரம் கிளைக்கிறது. பெயர் 'அம்பூற்று' என்று வைக்கலாம். மந்திரவாதி 60 அடிக்குள் உள்ள ஓரிடத்தைச் சுட்டுகிறார். அங்கே நீர் பீறிட்டு, சுற்றிலும் 10 அடி நிலம் ஒரு நிமிடம் சேறாகிறது. அதில் நடப்பவர்க்குப் பாதி வேகம்தான். எரியும் சாதாரண நெருப்பு அணைகிறது. நீரைக் குடிக்கலாம். சேதம் எதுவுமில்லை. விதிநூலில் தரையை வழுக்க வைக்கும் 'கிரீஸ்' என்ற முதல் நிலை மந்திரத்தோடு ஒப்பிட்டால் வலிமை சரியாக இருக்கிறது. அது சிறிய இடத்தில் ஆளை விழவைக்கும். இது பரந்த இடத்தில் வேகத்தை மட்டும் குறைக்கும்.

மண் மந்திரத்துக்கும் கோயிலே வழி காட்டுகிறது. மகப்பேறு வேண்டுவோர் வறுத்த பயற்றை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவில் உறங்க, அது முளைத்தால் வேண்டுதல் பலிக்கும் என்ற நம்பிக்கை மரகதவல்லித் தாயார் சன்னிதியில் நெடுங்காலமாக உண்டு. வறுத்த வித்து முளைப்பது இயற்கைக்கு மாறானது. அதுவே மந்திரத்தின் இலக்கணமும். கைப்பிடி வறுத்த பயற்றைத் தரையில் வீசினால் பத்தடிச் சதுரத்தில் கொடிகள் எழுந்து கால்களைப் பற்றுகின்றன. பிடிபட்டவர் பகடை வீசித் தம் வலிமையால் அறுத்துக்கொள்ளலாம். மந்திரவாதியின் கவனம் சிதறினாலும் கொடிகள் வாடும். ஒரே வேளையில் ஒரு மந்திரத்தில்தான் கவனம் நிறுத்த முடியும் என்ற ஐந்தாம் பதிப்பின் விதி இங்கே கைகொடுக்கிறது. மண்ணுக்குரிய பலவீனத்தைக் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் காணலாம். பஞ்சபூதத் தலங்களில் நிலத்துக்குரிய அத்தலத்தின் இலிங்கம் மணலால் ஆனது என்பதால் அதற்கு நீரால் திருமுழுக்குச் செய்வதில்லை. ஆகவே மண்சுவர், மண்கவசம் எதுவானாலும் நீர் மந்திரம் பட்டால் கரையும் என்று எழுதிவிடலாம்.

காற்றுக்குச் சடாயுவின் சிறகே போதும். 'சிறகுவீச்சு' ஒரு சிறு மந்திரம்: 30 அடிக்குள் இருக்கும் ஒருவரை ஐந்தடி தள்ளும், சேதம் தராது. மலை விளிம்பிலும் குளப்படியிலும் அந்த ஐந்தடிக்கு இருக்கும் மதிப்பு புதியவருக்கு ஒரே ஆட்டத்தில் புரிந்துவிடும். மின்னலுக்குக் காஞ்சி வட்டாரத்துத் தறி உதவுகிறது. தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைப் பட்டு இழைமேல் சுற்றிப் பொன்முலாம் பூசியது சரிகை. ஒரு முழம் சரிகையைக் கையில் சுற்றிக்கொண்டு ஏவும் மின்னல், உலோகம் அணிந்தவரை நாடிப் பாயும்.

பூதங்களைக் கலப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒரே மந்திரத்துக்குள் நீரும் மின்னலும் காற்றும் வந்தால் விதி நீள்கிறது, வலிமை எல்லை மீறுகிறது. காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்யப்பட்டு, சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. இந்தக் கோர்வை வேலைக்கு நெசவாளரோடு உதவியாளர் ஒருவரும் தறியில் அமர்வது வழக்கம். பூதக் கலப்பையும் அவ்வாறே இரண்டு ஆட்டக்காரருக்கு இடையில் வைப்பது நல்லது. ஒருவர் அம்பூற்றால் நிலத்தை நனைக்க, மற்றவர் மின்னல் ஏவினால் சேற்றில் நிற்போர் அனைவருக்கும் ஆறுமுகப் பகடை ஒன்றின் சேதம் என்று ஒரே வரி சேர்த்தால் போதும். தனி ஆளின் வலிமை கூடாமல் கூட்டாளிகள் ஒருவரையொருவர் பார்த்து ஆடத் தொடங்குவார்கள். புதியவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் இல்லை.

எண்களுக்கு 2014ஆம் ஆண்டின் ஆட்ட நடத்துநர் கையேடு ஓர் அளவுகோல் தருகிறது. சிறு மந்திரம் ஒருவரைத் தாக்கினால் பத்து முகப் பகடை ஒன்று, பலரைத் தாக்கினால் ஆறுமுகப் பகடை ஒன்று. முதல் நிலை மந்திரத்துக்கு இவை இரண்டிரண்டு. சராசரியில் பார்த்தால் முதல் நிலையில் ஒருவருக்கு 11, பலருக்குத் தலைக்கு 7. கோப்ளினின் உயிர்ப்புள்ளியும் 7 என்பதால், பலரைத் தாக்கும் ஒரு மந்திரம் நன்றாக விழுந்தால் ஒரு கும்பல் சாயும், சுமாராக விழுந்தால் சிலர் தப்புவார்கள். அந்தப் பதற்றம்தான் தேவை. தவறிப்போகும் வாய்ப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறிவுத்திறன் எண் 16 உள்ள தொடக்க மந்திரவாதி கோப்ளினைக் குறிவைத்து எறியும் 'ஃபயர் போல்ட்' நூற்றுக்கு 55 முறைதான் படும். எனவே சராசரி 5.5 என்ற சேதம் உண்மையில் சுமார் 3 ஆகச் சுருங்குகிறது. சேதம் தராமல் தடுக்கவோ நகர்த்தவோ செய்யும் மந்திரங்களைப் புதியவர் மதிக்கத் தொடங்குவதற்கு இந்த ஒரு கணக்கே போதுமான காரணம்.

ஒவ்வொரு மந்திரத்துக்கும் முடிவு எழுதியாக வேண்டும். பாரதத்தில் அசுவத்தாமனுக்குப் பிரமாத்திரத்தை ஏவத் தெரியும், மீட்கத் தெரியாது. அதன் அழிவு கருவரை போனது. ஆட்டத்தில் அந்த நிலை வாரா வண்ணம், பற்றிய தீ எத்தனை சுற்று எரியும், எதனால் அணையும், ஏவியவரே நிறுத்தலாமா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேசையில் எழும் சண்டைகளில் பாதி, முடிவு எழுதாத மந்திரங்களால் வருபவை.

கோயில் சார்ந்த கதைகளை எடுக்கும்போது ஓர் எல்லை அவசியம். 1980இல் வெளியான 'டீட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூல் இந்திரன், அக்கினி, விட்டுணு உள்ளிட்டோருக்கு உயிர்ப்புள்ளியும் கவச எண்ணும் எழுதியது. வழிபடுவோர் அருகில் வாழும் ஊரில் அதைப் பின்பற்றத் தேவையில்லை. ஊற்றும் பயறும் சிறகும் மந்திரமாகலாம். தெய்வம் பகடைக்கு அப்பால் இருக்கட்டும்.

எழுதிய மந்திரத்தை மூன்று களங்களில் சோதிப்பது நல்லது: குறுகிய அறை, திறந்த வெளி, சண்டையே இல்லாத ஒரு சிக்கல். மூன்றாவதில் எந்தப் பயனும் தராத மந்திரம் பெரும்பாலும் நிறம் மாற்றிய பகடையாகவே இருக்கும். திருத்தியபின் தமிழில் வெளியிடவும் தடையில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை அதன் உரிமையாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2023 சனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடுவித்தது. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் அதை மொழிபெயர்க்கலாம், அதன்மேல் புதிய மந்திரங்களைச் சேர்க்கலாம், விற்கவும் செய்யலாம்.