தந்தையின் கல்வியும் மக்களின் கல்வியும்: ஊரிகத்தை முன்னிட்டு ஒரு புள்ளியியல் விளக்கம்

கோலார் தங்கவயலில், பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இருப்புப் பாதையில் அமைந்துள்ளது ஊரிகம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வட்டாரத்தில் சுரங்கப் பணியை மேற்கொண்டபின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாகக் குடியேறினர். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தந்தையின் தொழிலில் மகன் அமரும் வழி அத்துடன் அடைபட்டது. கல்வியே எஞ்சிய முதலாயிற்று. அக்கல்வியும் தந்தையின் கல்வியைப் பொறுத்தே வாய்க்கிறதா? இதனை அளந்தறியப் புள்ளியியலார் கையாளும் முறை, நேர்கோட்டுத் தொடர்புப் போக்கு எனப்படும்.

இம்முறையின் தோற்றம் கல்வியைப் பற்றியதன்று. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் 1886இல், 205 பெற்றோர் இணைகளின் உயரத்தையும் அவர்தம் மக்கள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டார். பெற்றோர் சராசரியினின்று எவ்வளவு விலகியிருந்தனரோ, அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கே மக்களிடம் காணப்பட்டது.

கல்விக்கு இம்முறை பொருந்துமாற்றை ஒரு கற்பனை உதாரணத்தால் அறியலாம். ஐந்து தந்தையர் முறையே 0, 2, 4, 6, 8 ஆண்டுகளும், அவர்தம் மக்கள் 7, 5, 8, 9, 11 ஆண்டுகளும் பயின்றதாகக் கொள்வோம். சராசரிகள் 4, 8 ஆகும். ஒவ்வொரு குடும்பத்திலும் இரு விலகல்களையும் பெருக்கிக் கூட்டினால் 24. தந்தையர் விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40. முன்னதைப் பின்னதால் வகுக்கக் கிடைக்கும் 0.6 என்பதே கோட்டின் சாய்வு. அதாவது, தந்தை ஓராண்டு கூடுதலாகப் பயின்றிருப்பின், மக்களின் கல்வி சராசரியாக 0.6 ஆண்டு மிகும். பள்ளியே காணாத தந்தையின் பிள்ளைக்குக் கோடு கூறுவது 5.6 ஆண்டு, உதாரணத்திலோ அப்பிள்ளை 7 ஆண்டு பயின்றுள்ளது. கோடு பலரது போக்கைக் காட்டுமேயன்றி, ஒரு குழந்தையின் எல்லையை வரையறுப்பதில்லை.

சாய்வு ஒன்றையே நோக்கி முடிவு கட்டுதல் தவறாகும். 42 நாடுகளைப் பற்றி ஹெர்ட்ஸ் முதலியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அரை நூற்றாண்டில் சாய்வு கணிசமாகக் குறைந்தும், ஒட்டுறவுக் கெழு சராசரியாக 0.4 அளவிலேயே நிலைத்திருந்ததைக் காட்டிற்று. ஒட்டுறவுக் கெழுவை மக்களது கல்விப் பரவலால் பெருக்கித் தந்தையரது பரவலால் வகுத்தால் வருவதே சாய்வு. ஆகவே, பரவல் மாறினாலே சாய்வும் மாறும். குடும்பங்களின் வரிசைமுறை மாறியிருக்க வேண்டுவதில்லை.

ஊரிகம் போன்ற ஊர்களில் கணக்கெடுப்போர் கருத வேண்டுவன சில உள. ஒரு தலைமுறைத் தந்தையர் அனைவரும் எழுத்தறியாதவராயின் வகுக்கும் எண் பூச்சியமாகும்; கோடே வரைய இயலாது. அங்கு மக்கள் பெற்ற முன்னேற்றத்தைச் சராசரியே உணர்த்தும். அன்றியும், வீட்டில் உடனுறைவோரை மட்டும் எண்ணினால், மணமாகிச் சென்ற மகளிரும் பிழைப்பு நாடிப் பெங்களூரில் குடியேறியவரும் விடுபடுவர். அவர்களது கல்வியையும், தாயின் கல்வியையும் கேட்டுப் பதிதல் இன்றியமையாதது.

தந்தையின் கல்வியோடு வருவாய், பள்ளியின் தொலைவு, சாதிநிலை ஆகியனவும் பிணைந்துள்ளன. ஆதலின், சாய்வைக் காரணமென்று கொள்ளாது, உதவி எங்குத் தேவை என்பதைச் சுட்டும் குறியாகக் கொள்ளுதலே முறையாகும்.